உள்ளே வரச் சொன்னவள்

எங்கள் வீட்டு வாசலில் யார் வந்து நின்றாலும் முதலில் "வாங்க" என்று சொல்லிவிடுவேன். யார், என்ன விஷயம் என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான். பாளையங்கோட்டையில் பிறந்து வளர்ந்தவளுக்கு வேறு மாதிரி வராது. இந்த ஒரு வார்த்தைக்காக அமெரிக்காவில் ஃபெடரல் கோர்ட் வரைக்கும் போக வேண்டி வரும் என்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன். எண்பதுகளின் நடுவில், எனக்குக் கல்யாணமாகி இரண்டாவது வருடம், அது நடந்தது.

அப்போது நாங்கள் நியூ ஜெர்சியில், ரூட் ஒன் சாலையை ஒட்டிய ஒரு சின்ன டவுனில் இருந்தோம். டவுன் பெயர் வேண்டாம். எங்கள் அபார்ட்மென்ட் காம்ப்ளெக்ஸில் எல்லா பில்டிங்கும் ஒரே மாதிரி இருக்கும். வாசலில் இருக்கிற ஏ, பி, சி எழுத்து மட்டும்தான் மாறும். கணவர் டெலிபோன் கருவிகள் செய்யும் ஒரு கம்பெனியில் இன்ஜினியர். காலையில் காரை எடுத்துக்கொண்டு போனால் இருட்டிய பிறகுதான் வருவார். எனக்கு டிரைவிங் தெரியாது. வேலை பார்க்க விசாவில் அனுமதி இல்லை. குழந்தையும் இல்லை. சில நாள் அவர் வந்து ஷூவைக் கழற்றும்போது ஏதோ கேட்பேன், குரல் கரகரக்கும். காலையிலிருந்து வாயே திறக்கவில்லை என்பது அப்போதுதான் எனக்கே தெரியும். கம்பளிப்பூச்சி மாதிரி ஒரு ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு ஜன்னலருகில் உட்கார்ந்து கார்களைப் பார்ப்பேன். அதை வாழ்க்கை என்று ஊருக்கு எழுதிக்கொண்டிருந்தேன்.

எங்களுக்கு இருந்த ஒரே ஜனம் ஜெபக் கூட்டம். மான்மவுத் ஜங்ஷனிலும் அதைச் சுற்றியும் இருந்த தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பங்கள் சில சேர்ந்து, மாதம் ஒரு வீடு என்று முறை வைத்து ஜெபம் நடத்தினோம். பாட்டு, பைபிள் வாசிப்பு, கண்ணீரோடு சாட்சி, அதற்குப் பிறகு மூக்குப் பிடிக்கச் சாப்பாடு. நான் அந்த ஒரு சனிக்கிழமைக்காகத்தான் மற்ற நாட்களைத் தள்ளிக்கொண்டிருந்தேன்.

அந்த வருடம் கிறிஸ்துமஸுக்கு ஊருக்குப் போவதாக முடிவு செய்தோம். செய்தி ஜெபக் கூட்டத்தில் பரவியதும் வீடு வீடாகச் சாமான் வர ஆரம்பித்தது. அமெரிக்காவிலிருந்து ஊருக்குப் போகிறவனின் பெட்டி அந்தக் காலத்தில் அவனுக்குச் சொந்தமில்லை. ஒருவர் தம்பிக்கு வீசிஆர், ஒருவர் மச்சானுக்கு ரேடியோவும் டேப்பும் சேர்ந்த டூ-இன்-ஒன், ஒருவர் தங்கை மாப்பிள்ளைக்கு வாட்ச், காலேஜில் படிக்கும் சொந்தங்களுக்குக் கால்குலேட்டர், பொதுவாக எல்லாருக்கும் சென்ட் பாட்டில். "கொஞ்சம் இதையும் சேத்துக் கொண்டு போய்க் குடுத்துருங்கம்மா, எங்க அம்மா வந்து வாங்கிக்கிருவாங்க" என்பார்கள். மாட்டேன் என்று சொல்ல முடியுமா? நாளைக்கு அவர்கள் போகும்போது நாமும் கொடுப்போம் இல்லையா? எல்லாம் பிரிக்காத அட்டைப் பெட்டியோடு எங்கள் படுக்கையறைச் சுவரோடு சேர்ந்த க்ளாசெட் அலமாரியில் கூரை வரைக்கும் ஏறி நின்றன. ரசீது ஒன்றும் எங்களிடம் இல்லை. வாங்கினவர்களிடம்தான் இருந்தது.

புறப்படச் சில நாட்கள் இருக்கும்போது ஒரு காலையில் காலிங் பெல் அடித்தபோது எனக்கு முதலில் வந்தது சந்தோஷம். இதைச் சொன்னால் யாரும் நம்புவதில்லை. வார நாளில் எங்கள் வீட்டுப் பெல்லை அடிக்க யாருமே இல்லை. திறந்தால் கோட்டு போட்ட இரண்டு வெள்ளைக்காரர்கள். ஒருவர் நல்ல உயரம், இன்னொருவர் மீசைக்காரர். பேட்ஜைக் காட்டி, போலீஸ் என்றார்கள். உயரமானவர் மிகவும் மரியாதையாக, "உள்ளே வரலாமா?" என்று கேட்டார். வெளியில் குளிர் ஆளைக் கடித்தது. அவர் காது இரண்டும் சிவந்திருந்தது. நான் நகர்ந்து நின்று, உள்ளே வாருங்கள், உட்காருங்கள் என்று என் கான்வென்ட் இங்கிலீஷில் சொன்னேன்.

போலீஸ் என்றால் பயமில்லையா என்று பிற்பாடு பலர் கேட்டார்கள். தப்பு செய்யாதவளுக்கு என்ன பயம்? என் அப்பா தாலுகா ஆபீஸில் இருந்தவர். காக்கிச் சட்டைக்காரர்கள் எங்கள் வீட்டுக்கு வந்து மோர் குடித்துவிட்டுப் போயிருக்கிறார்கள். வந்தவர்கள் உட்கார்ந்ததும் நான் செய்தது, எந்த வீட்டிலும் பெண்கள் செய்வதுதான். காபி போட அடுக்களைக்குள் போனேன். டிகாக்‌ஷன் இறங்கியிருந்தது. ஊருக்குப் போகும் முன் ஜெபக் கூட்டத்து வீடுகளுக்குக் கொடுப்பதற்காக முந்தின நாள் அச்சு முறுக்கு சுட்டு வைத்திருந்தேன். அதை ஒரு தட்டில் அடுக்கினேன்.

ட்ரேயோடு வந்தால் ஹாலில் ஆள் இல்லை. படுக்கையறையில் விளக்கு எரிந்தது. க்ளாசெட் கதவு திறந்திருக்க, இருவரும் அந்த அட்டைப் பெட்டிகளைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். மீசைக்காரர் எங்கள் சூட்கேஸைக் கட்டிலில் வைத்துத் திறந்துகொண்டிருந்தார். என் புடவைகளுக்கு நடுவே கை விட்டு வாட்ச் பெட்டிகளை எடுத்தார். என்ன செய்கிறீர்கள் என்று கேட்டிருக்கலாம். வெளியே போங்கள் என்று சொல்லியிருக்கலாம். வீட்டுக்கு வந்தவர்களிடம் அப்படிப் பேசி எனக்குப் பழக்கமே இல்லை. ட்ரேயை நீட்டி, "காபி, ப்ளீஸ்" என்றேன். உயரமானவர் எடுத்துக்கொண்டார். அச்சு முறுக்கையும் ஒன்று எடுத்துக் கடித்து, நன்றாக இருக்கிறது என்றார்.

பிறகு கணவர் எங்கே வேலை பார்க்கிறார் என்று கேட்டார்கள். கம்பெனி பெயரைப் பெருமையாகச் சொன்னேன். மத்தியானம் அவரை ஆபீஸிலிருந்து கையில் விலங்கு போட்டுக் கூட்டிக்கொண்டு போனார்கள். அத்தனை பேர் டைப் அடிப்பதை நிறுத்திவிட்டு எழுந்து நின்று பார்க்க, அவர் ஆபீஸின் நீள ஹாலை நடந்து கடந்திருக்கிறார்.

விஷயம் இவ்வளவுதான். எங்கள் காம்ப்ளெக்ஸில் யாரோ திருட்டு வீசிஆர்களையும் வாட்ச்களையும் வாங்கி விற்கிறான் என்று போலீஸுக்கு யாரோ போன் பண்ணியிருந்தார்கள். பில்டிங் எழுத்து மாறிப்போய் எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார்கள். வீட்டைச் சோதிக்க வாரன்ட் எதுவும் கையில் இல்லை. வந்த இடத்தில் க்ளாசெட்டைத் திறந்தால் உள்ளே ஒரு கடையே இருக்கிறது. ஜெபக் கூட்டத்து ஆட்கள் ரசீதுகளைத் தேடி எடுத்துக்கொண்டு மறுநாள் ஸ்டேஷனுக்குப் போனார்கள். அதில் இரண்டு பேர் லீவ் கிடைக்கவில்லை என்று வரவில்லை. கணவரை விட்டுவிட்டார்கள். கேஸ் எதுவும் இல்லை. மன்னிப்பும் இல்லை. சாமான்களைச் சரிபார்க்க வேண்டும் என்று பொங்கல் கழியும் வரை ஸ்டேஷனிலேயே வைத்துக்கொண்டார்கள். ஊர்ப் பயணம் நின்றது. உண்மையான ஆளை எதிர் பில்டிங்கில் பிடித்ததை நான் உள்ளூர் பேப்பரில்தான் படித்தேன். எங்களிடம் யாரும் வந்து சொல்லவில்லை.

கணவர் வீட்டுக்கு வந்ததும் குளித்தார், சாப்பிட்டார், படுத்துத் தூங்கினார். எழுந்த பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டார். "வாரன்ட் இருக்கான்னு கேட்டியா?"

"இல்ல."

"பின்ன எதுக்கு உள்ள விட்ட?"

அவர் கத்துகிறவர் இல்லை. கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன், தீர்ந்து போயிருக்கும். அவர் அந்த வாக்கியத்தைச் சட்டைப் பையில் போட்டு வைத்துக்கொண்டு நினைத்த நேரத்தில் எடுத்தார். ஆபீஸில் யாரோ ஏதோ கேட்டார்கள் என்று வந்து சொல்லுவார், முடிவில் "நீதான உள்ள விட்ட" என்பார். பிரமோஷன் தள்ளிப்போன அன்றைக்கும் அதுதான். குழம்பில் உப்பு கூடினால்கூட அது வந்து நிற்கும். இரண்டு போலீஸ்காரர்கள் பில்டிங் மாறி வந்தது, கேட்காமல் க்ளாசெட்டைத் திறந்தது, விலங்கு போட்டது எல்லாம் பின்னால் போய்விட்டது. நான் கதவைத் திறந்தது மட்டும் முன்னால் நின்றது.

ஜெபக் கூட்டத்திலும் கொஞ்சம் காற்று மாறியது. அடுத்த மாதம் எங்கள் வீட்டு முறை. கூட்டத்தில் மூத்த ஆன்ட்டி போன் பண்ணினார்கள். "இந்த மாசம் நீங்க ரெஸ்ட் எடுத்துக்கோங்கம்மா. நாங்க எங்க வீட்டுல அட்ஜஸ்ட் பண்ணிக்கிறோம். உங்களுக்காகத்தான் ஸ்பெஷலா ஜெபம் பண்றோம். அப்புறம், எங்க வீசிஆரை எப்ப தருவாங்கன்னு ஸ்டேஷன்ல ஏதாச்சும் சொன்னாங்களா?" அதற்கடுத்த மாதமும் எனக்கு ரெஸ்ட். எனக்காக மற்றவர்கள் வீட்டில் உருக்கமாக ஜெபித்தார்கள் என்று கேள்விப்பட்டேன். போலீஸ் வந்துபோன வீட்டுக்கு வரத்தான் யாருக்கும் கால் வரவில்லை. எனக்கு அழுகையை விடக் கோபம்தான் அதிகமாக வந்தது. கோபத்தைக் காட்டவும் ஆள் வேண்டுமே.

அப்போதுதான் எனக்கு ஒரு வைராக்கியம் பிடித்தது. பதவியில் இருக்கிற யாராவது ஒருவர், என் கணவர் காதில் விழும்படி, ஒரு வாக்கியம் சொல்ல வேண்டும். வீட்டுக்குள் வரச் சொன்னால் பெட்டியைக் குடையச் சொன்னதாக ஆகாது, அந்தப் பெண் பேரில் தப்பில்லை. இவ்வளவுதான். எனக்குப் பணம் வேண்டாம், போலீஸ்காரர் வேலையும் போக வேண்டாம். டெலிபோன் டைரக்டரியின் மஞ்சள் பக்கங்களில் சிவில் ரைட்ஸ் என்று போட்டிருந்த வக்கீல்களுக்கு வரிசையாக போன் பண்ணினேன். பலர் கேட்டுவிட்டு வைத்தார்கள். ஒரு பெண் வக்கீல் மட்டும், நேரில் வா, ஜெயித்தால் ஃபீஸ் வாங்கிக்கொள்கிறேன் என்றாள். என்னைவிடச் சில வயது பெரியவள். கோந்து போட்டு ஒட்டின மாதிரி எப்போதும் கையில் ஒரு டயட் சோடா டின்.

கணவரிடம் சொன்னபோது, "கிரீன் கார்டு வர்ற நேரத்துல கேஸா? உனக்கு வேணும்னா நீ போடு. என் பேர் வேணாம்" என்றார். அவருடைய கைதைப் பற்றிய கேஸ் அவர் போட்டால்தான் உண்டு. அதனால் என் பேரில், வீட்டைச் சோதித்ததற்காக மட்டும் கேஸ் போட்டோம். பஸ் ஏறி வக்கீல் ஆபீஸுக்குப் போய்வர ஒரு பகல் முழுக்க ஆகும். நான் அதை விரும்பினேன் என்பதை மறைக்கப் போவதில்லை. அவள் கேள்வி கேட்பாள், நான் சொல்லுவேன், அவள் எழுதிக்கொள்வாள். யார் எங்கே நின்றார்கள், விளக்கைப் போட்டது யார், ட்ரேயில் என்ன இருந்தது என்று கேட்பாள். அந்த நாட்டுக்கு வந்த பிறகு என்னிடம் இத்தனை கேள்வி கேட்ட முதல் ஆள் அவள்தான்.

இரண்டாவது தடவையோ மூன்றாவது தடவையோ போனபோது அவள் ஒரு காகிதத்தைக் கொடுத்தாள். எந்தச் சட்டத்தின் கீழ் கேஸ் போட்டிருக்கிறோமோ அந்தச் சட்டத்தின் நகல். அடிமை முறையை ஒட்டி அந்த நாட்டில் நடந்த உள்நாட்டுச் சண்டை முடிந்த பிறகு கொண்டுவந்த பழைய சட்டம். அதிகாரத்தில் இருக்கிறவர்கள் ஜனங்களுடைய உரிமையைப் பறித்தால் அவர்கள் மேல் நேராக வழக்குப் போடலாம் என்கிறது. பஸ்ஸிலேயே படித்தேன். 'ஒவ்வொரு ஆளும்' பொறுப்பு என்று ஆரம்பிக்கிறது. போலீஸ்காரரும் ஒரு ஆள்தானே? எனக்கு அன்றைக்கே ஜெயித்துவிட்ட மாதிரி இருந்தது.

அடுத்த வாரம் போனால் அவள் முகம் சரியில்லை. போலீஸ் தரப்பு, தங்களுக்கு இம்யூனிட்டி, அதாவது வழக்கிலிருந்து பாதுகாப்பு, இருக்கிறது, கேஸை இப்போதே தள்ளுபடி செய்ய வேண்டும் என்று மனு போட்டிருந்தது. அது முடிவாகும் வரை சாட்சி விசாரணை எதுவும் கிடையாது. நான் சொல்ல வேண்டியதை நாலு பக்கத்தில் எழுதி என் கையெழுத்தோடு கோர்ட்டில் கொடுப்பதோடு சரி.

"இம்யூனிட்டி என்றால் அந்தப் போலீஸ்காரர் செய்தது தப்பில்லை என்று அர்த்தமா?" என்று கேட்டேன்.

"அந்தக் கேள்விக்கே கோர்ட் வர வேண்டியதில்லை" என்றாள். "அவர் செய்த மாதிரி செய்வது சட்ட விரோதம் என்று இதற்கு முன்னால் கோர்ட்டுகள் தெளிவாகச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லியிருந்தால் அவர் பதில் சொல்லியாக வேண்டும். தெளிவாகச் சொல்லியிருக்கவில்லை என்றால் அவருக்குப் பாதுகாப்பு."

"அப்படியென்றால் ஒரு தப்பை முதல் முதலாகச் செய்கிறவன் தப்பித்துவிடுவானா?"

அவள் சோடா டின்னை மேஜை மேல் வைத்துவிட்டுச் சிரித்தாள். "ஏறக்குறைய அப்படித்தான். லா ஸ்கூலில் இதைப் புரிந்துகொள்ள எனக்கு ஒரு செமஸ்டர் ஆயிற்று."

நான் அந்த நகலை எடுத்துக் காட்டினேன். இதில் எங்கே எழுதியிருக்கிறது, காட்டு என்றேன். இதில் இல்லை என்றாள். வேறு எந்தச் சட்டத்தில்? எதிலும் இல்லை. நீதிபதிகள் தீர்ப்புகளில் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துக்கொண்டு வந்தது. அது செல்லுமா செல்லாதா என்று வக்கீல்களுக்குள் சண்டை உண்டு, ஆனால் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்ட பிறகு கீழ்க் கோர்ட்டுகளுக்கு வேறு வழியில்லை என்றாள். எனக்கு மாமியார் வீட்டு ஞாபகம் வந்தது. ஞாயிற்றுக்கிழமை தலை குளிக்கக் கூடாது, மாமனார் சாப்பிடும் முன் மீன் தலையை யாரும் தொடக் கூடாது. எங்கேயும் எழுதி வைத்திருக்கவில்லை, ஆனால் மீறிப் பார் தெரியும்.

நான் சந்தேகப்பட்டு டவுன் லைப்ரரிக்குப் போனேன். அங்கே சட்டப் புத்தகங்கள் கொஞ்சம் இருந்தன. அந்தச் சட்டத்தை அடிக்குறிப்பு உட்பட வரிவரியாகப் படித்தேன். அவள் சொன்னது சரிதான். ஒரு வருடத்தில் என் கணவரோடு பேசினதைவிட அதிகமாக அதற்குள் அந்தச் சட்டத்தோடு பேசியிருப்பேன்.

இதற்கு நியாயமும் வக்கீலே சொல்லிக் கொடுத்தாள், பாவம், எதிர்த் தரப்புக்கும் சேர்த்துச் சொல்கிறவள். ஒரு போலீஸ்காரர் ஒரு நொடியில் முடிவெடுக்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் கோர்ட்டில் நிறுத்தினால் எவனும் வேலை பார்க்க மாட்டான், பார்த்தாலும் பயந்து பயந்து பார்ப்பான். முன்பெல்லாம் அவர் நல்ல மனதோடு செய்தாரா என்றும் பார்ப்பார்களாம். சில வருடங்களுக்கு முன் உச்ச நீதிமன்றம் அதையும் எடுத்துவிட்டது. மனதுக்குள் இருப்பதைக் கண்டுபிடிக்க விசாரணை நடத்த வேண்டி வருகிறதே, அதனால் சட்டம் தெளிவாக இருந்ததா என்று மட்டும் பார்த்தால் போதும் என்று. நம் ஊரிலும் சர்க்கார் உத்தியோகஸ்தர் மேல் வேலை சம்பந்தமாகக் கிரிமினல் கேஸ் நடத்த சர்க்காரிடமே அனுமதி வாங்க வேண்டும் என்று அப்பா சொல்லிக் கேட்டிருக்கிறேன். நேர்மையானவனுக்கு அது வேண்டும் என்பார். இரண்டு கடல் தாண்டி வந்தும் அதே ஆபீஸ் வாசலில்தான் நிற்கிறேன் என்று தோன்றியது.

அந்த மனு மேல் வாதம் நடந்த அன்று கணவர் ஆபீஸுக்குப் போய்விட்டார். நான் பட்டுப் புடவை கட்டி, மேலே கோட்டு போட்டுக்கொண்டு பஸ் மாறிப் போனேன். கோர்ட்டில் எனக்குப் பேச்சே இல்லை என்று வக்கீல் சொல்லியிருந்தாள். இருந்தாலும், ஒருவேளை நீதிபதி திடீரென்று கேட்டால் என்ன சொல்வது என்று இங்கிலீஷில் பல நாள் கண்ணாடி முன் சொல்லிப் பார்த்து வைத்திருந்தேன். சீக்கிரமே போய்விட்டதால் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். உயரமான போலீஸ்காரர் வந்தார். என்னைப் பார்த்து ஒரு கணம் தயங்கினார், பிறகு பக்கத்தில் வந்து, எப்படி இருக்கிறீர்கள் மேடம் என்று கேட்டார். நன்றாக இருக்கிறேன் என்றேன்.

"அன்றைக்குப் பூ மாதிரி ஒன்று கொடுத்தீர்களே, மொறுமொறு என்று. என் மனைவியிடம் சொன்னேன். எப்படிச் செய்வது என்று கேட்கிறாள்."

அவர் கிண்டல் செய்யவில்லை. முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. நான் பதில் சொல்ல ஆரம்பித்துவிட்டேன். அரிசி மாவு, முட்டை, தேங்காய்ப் பால், சர்க்கரை. மாவு தோசை மாவைவிட நீர்க்க இருக்க வேண்டும் என்று சொல்ல நினைத்து, தோசை அவருக்குத் தெரியாதே என்று பான்கேக் என்றேன். அச்சை முதலில் எண்ணெயில் காய வைக்க வேண்டும், காயாவிட்டால் மாவு பிடிக்காது, மேல் விளிம்பு மாவில் முழுகாமல் முக்க வேண்டும் என்று கையாலேயே காட்டினேன். அவர் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். அச்சு எங்கே கிடைக்கும் என்று கேட்கும்போதுதான் என் வக்கீல் வந்து என் முழங்கையைப் பிடித்து இழுத்தாள். யார் மேல் கேஸ் போட்டிருக்கிறாயோ அவரோடு சமையல் குறிப்பு பேசுகிறாயா என்று பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டாள். அவள் கேட்டது நியாயம்தான். ஆனால் மாதக்கணக்கில் யாரும் என் சமையலைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டிருக்கவில்லை. எனக்கு நெஞ்சு நிறைந்திருந்தது. அதை நினைத்து அங்கேயே அழுகையும் வந்தது.

உள்ளே வாதம் கால் மணி நேரம்கூட நடக்கவில்லை. நடந்ததில் சண்டையே இல்லை. அவர்கள் உள்ளே வரலாமா என்று கேட்டார்கள், நான் வாருங்கள் என்றேன், இரண்டு தரப்பும் ஒப்புக்கொண்டது. க்ளாசெட்டைத் திறக்கலாமா என்று கேட்கவில்லை, நானும் திறக்காதே என்று சொல்லவில்லை, அதையும் ஒப்புக்கொண்டார்கள். போலீஸ் தரப்பு வக்கீல் எழுந்து, "அந்தப் பெண்மணி ஆட்சேபிக்கவில்லை. அவர்களுக்குக் காபி கொடுத்தார்" என்றார். யாரோ சின்னதாகச் சிரித்தார்கள். என் வக்கீல் எழுந்து, ஒருவரை வீட்டுக்குள் அழைப்பது இவர்கள் ஜனங்களின் மரியாதை, அலமாரியைத் திறக்கச் சம்மதம் ஆகாது என்று சொன்னாள். நீதிபதி கண்ணாடிக்கு மேலாக என்னை ஒரு தடவை பார்த்தார். இதோ கேட்கப் போகிறார் என்று நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அவர் குனிந்து எழுதிக்கொண்டார், அவ்வளவுதான்.

தீர்ப்பு வர வசந்த காலம் ஆகிவிட்டது. வக்கீல் போன் பண்ணிப் படித்துக் காட்டினாள். வீட்டுக்குள் வரச் சம்மதித்தது வீட்டைச் சோதிக்கவும் சம்மதித்ததாக ஆகுமா என்ற கேள்வியை இந்த வழக்கில் முடிவு செய்ய வேண்டிய அவசியமில்லை. அது ஆகாது என்று அன்றைய தேதியில் சட்டம் தெளிவாக நிலைநாட்டப்பட்டிருக்கவில்லை. வாதி ஆட்சேபிக்காமல் உபசரித்த நிலையில், நியாயமான ஓர் அதிகாரி தமக்குச் சம்மதம் இருப்பதாக நினைத்திருக்கக்கூடும். ஆகவே வழக்கு தள்ளுபடி.

"போலீஸ்காரர் செய்தது சரி என்று நீதிபதி சொல்லிவிட்டாரா?"

"இல்லை. சரி என்றும் சொல்லவில்லை, தப்பு என்றும் சொல்லவில்லை."

தோற்றாலும் ஏதாவது பிரயோஜனம் இருக்க வேண்டுமே என்று மனது அடித்துக்கொண்டது. "இந்தத் தீர்ப்பு சட்டப் புத்தகத்தில் வருமா?" என்று கேட்டேன். வரும் என்றாள். "சரி, அப்படியானால் என்னை மாதிரி இன்னொருத்தி நாளைக்கு யாரையாவது உள்ளே வரச் சொன்னால், அவளுக்காவது இது உதவுமா? போலீஸுக்கு இனிமேல் தெரியும் அல்லவா?"

சோடா டின்னைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது. பிறகு சொன்னாள். "உதவாது. இது தப்பு என்று நீதிபதி சொல்லியிருந்தால்தான் அடுத்தவளுக்குத் தெளிவாக இருக்கும். அவர் அதைச் சொல்லாமல் விட்டுவிட்டார். அடுத்தவள் வந்து கேட்டாலும் இன்னும் தெளிவாக இல்லை என்றுதான் சொல்வார்கள்." அப்பீல் போகலாம் என்றும் சொன்னாள், ஆனால் அவள் குரலிலேயே தெம்பில்லை. நான் நன்றி சொல்லி போனை வைத்தேன். இனி அந்த பஸ்ஸில் ஏறிப் போக எனக்குக் காரணம் இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

சாயங்காலம் கணவர் வந்தார். சோறும் மீன் குழம்பும் போட்டேன். சாப்பிட ஆரம்பித்த பிறகு சொன்னேன்.

"கேஸ் தள்ளுபடி ஆயிருச்சு."

"ம்." ஒரு வாய் சாப்பிட்டார். "சரி, விடு. முடிஞ்சுதுல்ல."

"முடியலங்க. அவங்க யார் பேர்ல தப்புன்னு சொல்லவேயில்ல. நீங்க சொல்லுங்க."

"நான் என்னத்தச் சொல்ல?"

"அன்னைக்கு நான் அவங்கள உள்ள வரச் சொன்னது தப்பா, தப்பில்லையா? அதத்தான் கேக்கேன். உங்க வாயால சொல்லுங்க."

அவர் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். மீன் முள்ளை ஒவ்வொன்றாக எடுத்து ஓரத்தில் வைத்தார். அந்த ஹாலை விலங்கோடு நடந்தது அவருக்கு ஞாபகம் வந்திருக்கும். நான் ட்ரேயோடு நின்றதும் ஞாபகம் வந்ததோ என்னவோ. கடைசி முள்ளையும் வைத்துவிட்டு, "அத இப்ப பேசி என்ன ஆகப் போகுது?" என்றார். எழுந்து தன் தட்டைக் கழுவினார். என்னுடையதையும் எடுத்துக் கழுவி வைத்தார். கல்யாணமான நாளிலிருந்து அவர் தட்டைக் கழுவி நான் பார்த்ததில்லை.

அன்றிலிருந்து "நீதான உள்ள விட்ட" என்ற பேச்சை அவர் எடுக்கவே இல்லை. ஜெபக் கூட்டமும் ஒரு சனிக்கிழமை எங்கள் வீட்டுக்குத் திரும்பி வந்தது. கர்த்தர் சமாதானம் கொடுத்துவிட்டார் என்று ஆன்ட்டி என் தலையில் கை வைத்துச் சொன்னார்கள், நானும் ஆமென் என்றேன். கணவர் மனதில் இரக்கம் இருந்தது, அது எனக்குத் தெரியும். எனக்கு வேண்டியிருந்தது அது இல்லை. கோர்ட்டில் அந்த நீதிபதி செய்ததைத்தான் அவரும் செய்திருந்தார், கேள்வியைத் தொடாமலே கேஸை மூடிவிட்டார். தப்பு என்று முகத்துக்கு நேராகச் சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன். சண்டை போடவாவது அந்த வீட்டில் ஒரு ஆள் இருந்திருப்பார்.